எல்லோருக்கும் ஒரே அறிவித்தல்

2011 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வாப்பா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து மவுத்தானார். ஏழு மணிக்கு உம்மா என்னை வராந்தாவின் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

“நாப்பது பேர் வேணும் மகன். வாப்பாட ஜனாஸாத் தொழுகையில நாப்பது ஆம்புளையள் வரிசையில நிக்கணும். அதை மட்டும் செஞ்சு தா.”

“நாப்பது என்ன உம்மா, இருநூறு வரும். நான் மெசேஜ் அனுப்புறன்,” என்றேன்.

அடக்கத்துக்கு முன் மையித்தை முன்னால் வைத்து நாற்பது பேர் தொழுதால், இறந்தவருக்கான அவர்களுடைய மன்றாட்டை அல்லாஹ் தட்டமாட்டான் என்பது உம்மாவின் உறுதியான நம்பிக்கை. வேறு யாருடைய மையித்து என்றாலும் அவர் இந்த எண்ணைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். வாப்பாவின் விஷயம் அப்படியில்லை. வாப்பா, பெயர் நிஸ்தார், கூரியர் வேன் ஓட்டியவர். பதினொரு வருடங்களுக்கு முன் எங்கள் ஆட்களின் சங்கத்துக்காரர் ஒருவர் தன்னுடைய காரை வேனுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார் என்பதற்காகச் சண்டை போட்டு, அன்றோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போவதையே விட்டுவிட்டார். ஒரு காருக்காக! நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “அவன் மன்னிப்புக் கேக்கட்டும், நான் வாறன்,” என்பார். அவன் கேட்கவில்லை, இவர் போகவில்லை. உம்மாவுக்கு அந்தப் பதினொரு வருடங்கள்தான் பயம். நாற்பது பேர் அதை ஈடுகட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நான் இருநூறு என்று வாய் கூசாமல் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சிட்னியில் இருக்கிற எங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு மவுத்து அறிவித்தல் அனுப்புகிற இணையதளத்தை எழுதியவனே நான்தான். நான் பரமட்டாவில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். சங்கத்தின் செயலாளர் வந்து கேட்டார், மறுக்க முடியவில்லை, 2009இல் மூன்று வார இறுதிகளில் எழுதிக் கொடுத்தேன். யாராவது மவுத்தானால் அவருடைய வீட்டார் தளத்துக்குள் போய் முதல் பக்கத்தில் பெயரும், இரண்டாம் பக்கத்தில் தொழுகையின் இடமும் நேரமும் அடிப்பார்கள். மூன்றாம் பக்கத்தில் எல்லாம் சரியா என்று பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் நானூற்று முப்பது கைபேசிகளுக்குச் செய்தி போய்விடும். அன்றைக்கே அடக்கம் செய்கிறவர்கள் நாங்கள், இதைவிட வேகமாக வேறு வழியில்லை. எல்லோரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு தொல்லை. அந்தக் காலத்துக் கைபேசிகளில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் அடித்த பெயர் காணாமல் போய்விடும். “தம்பி, பேரை அடிச்சன், காணல்ல,” என்று ஆளுக்கு ஆள் ஃபோன். அதுவும் மவுத்து வீட்டிலிருந்து. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன்.

இணையதளம் எழுதுகிறவன், உள்ளே உருவாகிற ஒவ்வொரு பொருளும் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், யாருக்குச் சொந்தம் என்று சொல்லியாக வேண்டும். சிலவற்றை ஆளுக்கு ஒன்று என்று வைப்போம். ஆள் வந்ததும் உருவாகும், அவர் போனதும் அழிந்துவிடும். சிலவற்றை ஒன்றே ஒன்று செய்து வைப்போம். தளம் ஓடுகிற வரை அது இருக்கும், வருகிற எல்லோருக்கும் அதுதான் பொது. நான் அறிவித்தலை இரண்டாவது வகையில் வைத்தேன். ஒன்றே ஒன்று. தளம் ஆளை மறந்தாலும் அறிவித்தலை மறக்காது, பெயர் காணாமல் போகாது. ஃபோன் தொல்லை அன்றோடு நின்றது.

இதை என்னோடு வேலை பார்க்கிற கிரிஜாவிடம் மதியச் சாப்பாட்டில் காட்டினேன். கிரிஜா கோயம்புத்தூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

“ஏங்க தாஹிர், குடும்பத்துக்கே ஒரு டூத்பிரஷ் வாங்கி வெச்சிருக்கீங்க?” என்றாள்.

“எங்கட ஆக்கள் மொத்தமே அறுநூறு குடும்பம் கிரிஜா. மாசத்துக்கு ஒரு மவுத்து வந்தாலே பெரிசு. ஒரே நிமிசத்தில ரெண்டு பேர் வந்து அடிக்கப் போறாங்களா?”

“வந்துட்டா?”

“வரமாட்டாங்க.”

“சரி, உங்க இஷ்டம்,” என்று தயிர்ச்சாதத்தை மூடினாள். நான் சிரித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு முறை செய்தி போன பிறகு பதற்றத்தில் யாராவது பொத்தானை மறுபடி அழுத்தினால் அடுத்த பெயர் அடிக்கும் வரை இரண்டாவது முறை போகாமலிருக்க ஒரு தடையும் போட்டேன். கெட்டிக்காரத்தனம்.

அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கைபேசியில் வாப்பாவின் பெயரை அடித்தேன். அடுத்த பக்கத்தில் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் கெம்ப்ஸ் கிரீக் மையவாடி, பகல் இரண்டு மணி. மூன்றாம் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அழுத்துவதற்கு முன் தாதிப் பெண் ஒருத்தி வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அவள் ஸாரி என்றாள், நான் தாங்க்ஸ் என்றேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். சில விநாடிகளில் என்னுடைய கைபேசியும் அதிர்ந்தது. நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன் அல்லவா. நான் திறக்கவில்லை. என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், சொந்த வாப்பாவின் மவுத்துச் செய்தியை எவன் வாசிப்பான்?

உம்மாவை அவருடைய தங்கச்சி, என் சாச்சி, மெரிலண்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கணவன் மவுத்தாகி இத்தாவில் இருக்கிற பெண் வெளியே போகவோ அந்நிய ஆண்கள் முன் வரவோ கூடாது. நான் வாப்பாவோடு போனேன். குளிப்பாட்டினோம், வெள்ளைக் கபன் துணி சுற்றினோம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் சூடு போதுமா என்று ஒருவர் கேட்டார், போதும் என்றேன், அது மட்டும் நினைவிருக்கிறது.

ஒன்றரை மணிக்கு கெம்ப்ஸ் கிரீக்கில் இருந்தோம். மாமாமார் இரண்டு பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர், குளிப்பாட்ட வந்தவர்கள், இமாம், நான். கைபேசியைக் காரிலேயே போட்டுவிட்டு இறங்கினேன். வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று ஐம்பது. இரண்டு. ஒரு வெள்ளை வேன் வந்தது, பூச்செடி இறக்குகிற வேன். இரண்டு பத்து.

“ட்ராஃபிக்கா இருக்கும்,” என்றார் மூத்த மாமா.

“ஓம், ட்ராஃபிக்,” என்றேன்.

மவுத்து வீட்டாருக்கு ஃபோன் அடித்து எங்கே, எத்தனை மணிக்கு என்று தொல்லை கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. செய்தியில் சொன்ன இடத்துக்கு ஆள் போய் நிற்கும். அதனால் வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் சண்டை போட்டார் என்பதற்காக நானூற்று முப்பது பேரும் வராமலிருப்பார்களா? இரண்டு இருபதுக்கு அந்த யோசனை வந்தது. பதினொரு வருடங்கள் ஒதுங்கியிருந்த மனுஷனை அவர்களும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி மனதுக்குள் திட்டினேன்.

இரண்டரைக்கு இமாம் என் தோளைத் தொட்டார். மையித்தை இதற்கு மேல் வைத்திருப்பது சரியில்லை என்றார். நாங்கள் நின்றோம். மூன்று வரிசையாக நிற்பது நல்லது என்பதால் பிரிந்து நின்றோம். நான் திரும்பி எண்ணினேன், என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். எத்தனை முறை எண்ணினால் என்ன, மனுஷர் பெருகவா போகிறார்கள்?

அடக்கம் முடிந்து காருக்கு வந்தபோது கைபேசியில் முப்பத்தேழு தவறிய அழைப்புகள். செயலாளரைத் திருப்பி அழைத்தேன்.

“எங்க தாஹிர் நிக்கிறீங்க? நாங்க எல்லாரும் ருக்வூட்ல. தொழுது அடக்கியும் முடிஞ்சுது, உங்களைக் காணல்ல!”

“ருக்வூட்லயா?”

“மெசேஜ்ல அதானே இருந்தது.”

அப்போதுதான் காலையில் வந்த செய்தியைத் திறந்தேன். ‘ஜனாப் நிஸ்தார் அவர்கள் வஃபாத்தானார்கள். ஜனாஸாத் தொழுகை: ருக்வூட் மையவாடி, பகல் 2 மணி.’ பெயர் வாப்பாவுடையது. இடம் யாருடையதோ.

“எத்தின பேர் வந்தாங்க?” என்று கேட்டேன்.

“இருநூறுக்குக் குறையாது. வேலை நாள், ஆனாலும் சனம் வந்திட்டுது. பழைய சண்டையெல்லாம் மறந்து வந்தாங்க தாஹிர்.” பிறகு அவர் குரல் மாறியது. “அப்ப நாங்க தொழுதது யாருக்கு?”

எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் தெரிந்துவிட்டது. மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டு, காரில் கிடந்த மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் தளத்தின் பதிவைத் திறந்தேன். எட்டு ஒன்பதுக்கு யாரோ ‘அஹ்மத்’ என்று பெயர் அடித்திருக்கிறார்கள். எட்டுப் பத்துக்கு நான் அதே அறிவித்தலில் அதற்கு மேலேயே ‘நிஸ்தார்’ என்று அடித்திருக்கிறேன். எட்டுப் பதினொன்றுக்கு என்னுடைய கெம்ப்ஸ் கிரீக். எட்டுப் பன்னிரண்டுக்கு, நான் தாதிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அஹ்மத் என்று அடித்தவருடைய ருக்வூட். எட்டுப் பதின்மூன்றுக்கு நான் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நிமிடம் அவரும் அழுத்தியிருக்கிறார். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்று என்னுடைய தடை அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

இரண்டு மவுத்துக்கும் ஒரே அறிவித்தல். யாரையும் திட்ட மிச்சமில்லை. சங்கத்துக்காரர்களை வீணாகத் திட்டினேனே என்று கூட வெட்கம் வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு வீடு வந்தோம். உம்மா உள் அறையில் வெள்ளை உடுத்தி நிலத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார்.

“எத்தின பேர் மகன்?”

“நெறையப் பேர் உம்மா.”

“நாப்பது இருக்குமா?”

“மேலயே இருக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று கண்ணை மூடினார். பிறகு சாச்சியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டார். அன்றைக்கு அவர் வாயில் வைத்த முதல் பொருள் அது. அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ருக்வூட் போனவர்களெல்லாம் வீட்டுக்கு வருவார்கள், ஒரு மணி நேரம்கூட இந்தப் பொய் தாங்காது என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தை எனக்காக வாங்கினேனா அவருக்காக வாங்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. வாசல் மணி அடித்தது. முப்பது வயது இருக்கும் ஒருவர், சப்பாத்தில் மண், கையில் ஒரு பழப்பை.

“தாஹிர் சார் வீடுங்களா? என் பேரு சஞ்சய். ருக்வூட்டுக்கு வந்தவங்கதான் அட்ரஸ் குடுத்தாங்க. அஹ்மத்தோட ரூம்மேட் நான்.”

முன்னறைக் கதிரையில் உட்காரச் சொன்னேன். உம்மாவின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

அஹ்மத் மதுரைக்காரன். ஒரு ஆய்வுக்கூடத்தில் சஞ்சயோடு வேலை, வெஸ்ட்மீடில் ஒரே வீட்டில் வாடகை. சிட்னிக்கு வந்து ஐந்து மாதம்தான். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டான். இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. இங்கேயே அடக்கம் செய்துவிடச் சொல்லி ஊரிலிருந்து அம்மா சொன்னார்களாம். சஞ்சய்க்கு எங்கள் முறை எதுவும் தெரியாது. யாரோ இந்தத் தளத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“கடைசிப் பக்கத்துல நிஸ்தார்னு போட்டிருந்துச்சு சார். நான் அது உங்க பள்ளிவாசல்ல தொழ வைக்கிறவரு பேராக்கும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்?”

“உங்கட பிழை இல்ல. என்ட பிழை.”

“இல்ல சார், கேளுங்க.” அவர் பழப்பையை மடியிலேயே வைத்திருந்தார். “நாங்க ஆபீஸ்ல இருந்து நாலு பேருதான் போனோம். பார்த்தா கார் காரா வந்து எறங்குறாங்க. எறங்குனவங்க எல்லாரும் நிஸ்தார், நிஸ்தார்னு பேசிக்கிறாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒருத்தர் எங்கிட்டயே வந்து, நீங்க நிஸ்தாருக்கு வேண்டியவரான்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“தலைய ஆட்டிட்டேன் சார். இல்லன்னு சொன்னா எல்லாரும் போயிடுவாங்களேன்னு பயம். அவனுக்கு நாலு பேரு, அதுலயும் ஒருத்தருக்கும் தொழத் தெரியாது. சொல்லியிருந்தா உங்க அப்பாகிட்ட வந்து சேர்ந்திருப்பாங்க. டைம் இருந்துச்சு. நான் சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் சின்ன விஷயத்துக்கே கத்துகிறவன், வாப்பாவின் மகன்தானே. வரவில்லை. ஜனாஸா எவருடையது என்று அறிந்திருந்தால் அவர்கள் யாரும் போயிருக்க மாட்டார்கள், அஹ்மதுக்குத் தொழுதுவிட்டுத்தான் எங்களிடம் வந்திருப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மா பேசினார்.

“தம்பி, அந்தப் புள்ளைக்கு உம்மா இருக்காவா?”

சஞ்சய் எழுந்து நின்றுவிட்டார். “இருக்காங்கம்மா. ஊர்ல.”

“அவக்கிட்ட சொல்லிட்டீங்களா, எத்தின பேர் வந்ததெண்டு?”

“இருநூறு பேருன்னு சொன்னேன்மா. ஃபோன்லயே ரொம்ப நேரம் அழுதாங்க.”

“அது சரி. அதை மாத்திச் சொல்லப் போகாதீங்க. ஆள் மாறி வந்ததெண்டெல்லாம் அவக்குத் தெரியத் தேவையில்ல.”

“சரிங்கம்மா.”

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடித்தார், சூட்டோடு, நின்றபடியே. பழப்பையை மேசையில் வைத்துவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

உம்மா அறையிலிருந்து வந்து, சஞ்சய் உட்கார்ந்திருந்த கதிரைக்கு எதிரில் உட்கார்ந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“வாப்பாக்கு எத்தின பேர்?”

“பதினொண்டு உம்மா.”

“உன்னோட சேத்தா?”

“ஓம்.”

தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாச்சி ஏதோ சொல்ல வந்தார், உம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அடக்கின பிறகு கபுரடியில நிண்டும் தொழலாம். நாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லாரையும் கெம்ப்ஸ் கிரீக்குக்கு வரச் சொல்லி மெசேஜ் போடு. இண்டைக்கு வந்தவங்க நாளைக்கும் லீவு எடுப்பாங்களோ தெரியா. வாறவங்க வரட்டும்.”

“போடுறன் உம்மா. முதல்ல அந்தப் பிழையைத் திருத்தணும். திருத்தாம அனுப்பப் பயமா இருக்கு.”

“அதுக்கு எத்தின நாள் செல்லும்?”

“நாள் கணக்கில்ல. அஞ்சு நிமிசம். ஒரு வரி.”

“என்ன ஒரு வரி?”

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. உம்மாவுக்குப் புரோகிராம் தெரியாது, இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியும். அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

“இந்தக் கடைசிச் சொல் உம்மா. இது இருக்கிறபடியால்தான் எல்லாருக்கும் ஒண்டு. இதை எடுத்துப்போட்டு வேற சொல் போட்டா ஆளுக்கு ஒண்டாயிரும்.”

உம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுத்தெழுத்தாக விரலை நகர்த்தி அந்த வரியின் முடிவு வரை போனார்.

“இதுவா?”

“இதுதான்.”

“இவ்வளவுதானா மகன்?” என்றார். பிறகு காலையிலிருந்து அழாத அழுகை முழுவதையும் அழுதார். சாச்சி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி அந்தச் சொல்லை மாற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.